வேதாரண்யத்து மாடியில் ஒரு தட்டு: டிடி ஃப்ரீ டிஷ்ஷும் டிடி தமிழும்

மாதச் சந்தா இல்லாத தொலைக்காட்சி இணைப்பு ஒன்று வேண்டும் என்று என் தந்தை கேட்டபோது, அதற்குச் சிக்கனம் மட்டுமே காரணமில்லை என்பது எனக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, எங்கள் ஊரில் சாய்ந்த தென்னைகளோடு கேபிள் கம்பிகளும் அறுந்து விழுந்தன. மின்சாரம் ஒருவழியாகத் திரும்பிய பிறகும் கேபிள் வெகுநாள் வரவில்லை. தெருவில் கம்பி இழுக்காமல் நேரே வானத்திலிருந்து வாங்கிக்கொள்ளும் இணைப்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்பது அன்றிலிருந்து அவர் சொல்லிவந்த யோசனை. அதை நிறைவேற்றி ஓராண்டு ஆகிவிட்டது. டிடி ஃப்ரீ டிஷ் என்ற இந்தச் சேவையும், அதன் வழியே எங்கள் வீட்டுக்கு மீண்டும் வந்து சேர்ந்த தூர்தர்ஷனும் இன்றைக்கு ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு எவ்வளவு பயன்படும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் தன்னிடம் வைத்திருக்கும் பிரசார் பாரதி நடத்தும் இந்தச் சேவை 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் ப்ளஸ் என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட சேனல்களும் ஆகாசவாணியின் வானொலி அலைவரிசைகளும் அதில் வருகின்றன. தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கிவிட்டால் பிறகு யாருக்கும் ஒரு காசு கட்ட வேண்டியதில்லை. ரீசார்ஜ் தேதி என்று ஒன்று கிடையாது. எங்களுக்குத் தட்டு, பெட்டி, வயர், ஆள் கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் ஆனது. வாங்குவோர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். படத்தைச் சுருக்கி அனுப்பும் முறையை வைத்து எம்பெக்-2 பெட்டி, எம்பெக்-4 பெட்டி என்று இரண்டு வகை உண்டு. பழைய எம்பெக்-2 வகையை வாங்கினால் சேனல்களில் ஒரு பகுதி தெரியாது. முதலில் நாங்கள் போன கடைக்காரர் தேங்கிக் கிடந்த பழைய பெட்டியைத்தான் எங்கள் தலையில் கட்டினார்; இரண்டு நாள் கழித்து அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடையில் வாங்கினோம்.

தட்டு பொருத்த வந்த பையன் திசைகாட்டியெல்லாம் கொண்டுவரவில்லை. இந்தச் சேவையைச் சுமந்து வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து அது தென்கிழக்கே, அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தட்டைப் பார்த்துக் குத்துமதிப்பாகத் திருப்பி வைத்து, நட்டை அரைகுறையாக முடுக்கிவிட்டு, மாடியிலிருந்து "அய்யா, ஏறுதா பாருங்க" என்று குரல் கொடுத்தான். கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன்னால் என் தந்தை, திரையில் தெரிந்த இரண்டு பட்டைகளைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணு ஏறுது, இன்னொண்ணு ஏறல தம்பி" என்றார். ஏறவேண்டியது அந்த இரண்டாவது பட்டை. செயற்கைக்கோளே அகப்படாவிட்டாலும் முதல் பட்டை பாதிக்குமேல் நிற்கும், குவாலிட்டி என்று எழுதியிருக்கும் இரண்டாவதுதான் உண்மையைச் சொல்லும். விரற்கடை அளவு கிழக்கே நகர்த்தியதும் அது விருட்டென்று எழுபதுக்குத் தாவியது. மாடிக்கு ஏறி வந்த என் தந்தை தட்டு பார்த்திருந்த பக்கத்தைக் கவனித்துவிட்டு, "அப்பவும் இந்தப் பக்கந்தானே திருப்பி வச்சிருந்தோம்" என்றார்.

அவர் சொன்னது 1980களின் அலுமினிய ஆன்டெனாவை. சென்னை ஒளிபரப்பு எட்டாத தூரத்தில் இருந்த எங்கள் கரையோரத்துக்கு, 1982 பிப்ரவரி 15 அன்று ஜப்பானிய உதவியோடு தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினிதான் முதலில் வந்து சேர்ந்தது. வேதாரண்யம், இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கங்களில் பலர் பார்த்த முதல் தொலைக்காட்சி அயல்நாட்டு அரசின் தொலைக்காட்சி. சிங்களம் புரியாவிட்டாலும் கிரிக்கெட்டும் கார்ட்டூனும் புரிந்தன. பாக் நீரிணையின் மறுகரையில், யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் தங்கள் ஆன்டெனாவை இந்தியாவை நோக்கித் திருப்பிவைத்துத் தூர்தர்ஷன் பார்த்தார்கள். கொடைக்கானலில் உயர்சக்தி ஒளிபரப்புக் கோபுரம் எழுந்த பிறகுதான் தென்மாவட்டங்கள் சொந்த நாட்டுத் தொலைக்காட்சியை ஒழுங்காகப் பார்த்தன.

அந்தச் சொந்த நாட்டுத் தொலைக்காட்சி ஒரு சிறு சோதனையாகத்தான் பிறந்தது. 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில், அகில இந்திய வானொலியின் ஓர் அங்கமாக, ஒரு சிறிய டிரான்ஸ்மிட்டரும் தற்காலிக ஸ்டுடியோவுமாகத் தொடங்கியது. அப்போது வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஒளிபரப்பு. அன்றாட ஒளிபரப்பு 1965-இல் வந்தது. இரண்டாவது நகரமான பம்பாய் 1972 வரை காத்திருக்க நேர்ந்தது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக்கு அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு வேளாண்மையும் சுகாதாரமும் சொல்லிக்கொடுத்த சைட் திட்டத்தில் தமிழ்நாடு இடம்பெறவில்லை. அதே மாதத்தில், 1975 ஆகஸ்டு 15 அன்று, சென்னை நிலையம் தொடங்கப்பட்டது. வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் தனி அமைப்பானது 1976 ஏப்ரல் 1 அன்று. அதே ஆண்டில் விளம்பரங்களும் நுழைந்தன. அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டித் தொலைக்காட்சி வைத்துக்கொள்ளும் முறை 1980களின் நடுவில் எடுபட்டுப் போனதால், பார்ப்பவர் தரும் காசில் நடக்கும் நிறுவனமாக அது வளரவே இல்லை. அரசின் நிதியும் விளம்பரதாரரின் பணமுமே அதன் இரண்டு கால்கள். பின்னால் வந்த பல கோளாறுகளுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சேப்பாக்கத்தில் சுவாமி சிவானந்தா சாலையில் இருந்த நிலையம் தமிழர்களின் வாரத்தைத் தன் போக்கில் வகுத்து வைத்தது. செவ்வாய்க்கிழமை நாடகம், வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயிறு மாலை தமிழ்ப் படம் என்பது அந்த வாரத்தின் எலும்புக்கூடு. வயலும் வாழ்வும் நிகழ்ச்சியில் பூச்சிக்கொல்லிக் கரைசலின் அளவைச் சொல்லும் அதிகாரி முதல், எதிரொலியில் நேயர் கடிதங்களுக்கு நிதானமாகப் பதில் சொல்லும் நிலையத்தார் வரை, எல்லாரும் மேசைக்குப் பின்னால் அமர்ந்து ஏறத்தாழ ஒரே வேகத்தில் பேசினார்கள். அடுத்த வாரம் என்ன வரும் என்று சொல்வதற்கே முன்னோட்டம் என்று ஒரு நிகழ்ச்சி இருந்தது. அதையும் தாளில் குறித்துக்கொண்டு பார்த்தோம். சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே தயாரான பெட்டிகள், மரச் சட்டத்துக்குள் இழுத்து மூடும் கதவோடு, தெருவுக்கு ஒன்றாக வந்தன. அந்தப் பெட்டி இருந்த வீட்டின் கூடம் வெள்ளிக்கிழமை இரவு தெருவுக்கே பொதுவானது. அரைமணி நேரத்தில் ஐந்தாறு திரைப்பாடல். நடுவில் படம் போய்த் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற அட்டை வந்து நிற்கும்போது எழுந்து போனவர் ஒருவரும் இல்லை.

அந்த நிலையம் தமிழுக்குச் செய்தவற்றில் இரண்டை முதலில் சொல்வேன். முதலாவது செய்தி வாசிப்பு. ஷோபனா ரவி, வரதராஜன், சந்தியா ராஜகோபால், பாத்திமா பாபு போன்றோர் வாசித்த தமிழில் ழகரமும் ளகரமும் தத்தம் இடத்தில் நின்றன, குரலில் பதற்றமில்லை, பெரிய மரணச் செய்தியையும் அணைக்கட்டு நீர்மட்டத்தையும் ஒரே கண்ணியத்தோடு சொன்னார்கள். பள்ளிப் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்த ஆசிரியர்கள் அந்த வாசிப்பை எடுத்துக்காட்டாகச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். இரண்டாவது, சபா நாடகம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சில நூறு பேர் பார்த்துவந்த நகைச்சுவைக் குழுக்களைச் செவ்வாய்க்கிழமை நாடகம் மாநிலம் முழுவதற்கும் காட்டியது. காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி. சேகர் ஆகியோரின் முகம் சிற்றூர்களில் பழக்கமானது அதனால்தான். கேமரா நகராமல், கதவு ஒன்று, சோபா ஒன்று, தொலைபேசி ஒன்று என்று அமைந்த அந்த அரங்க அமைப்பைப் பின்னாளில் தமிழ் நெடுந்தொடர்கள் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இரவுச் செய்தி நேரம் நெருங்கியதும் சென்னை விலகிக்கொள்ள, டெல்லி வந்துவிடும். 1982 ஆகஸ்டு 15 முதல் தேசிய நிகழ்ச்சியும், அதையொட்டி அந்த ஆண்டின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக வண்ண ஒளிபரப்பும் வந்த பிறகு, நாடு முழுவதும் ஒரே நேரத்தில் ஒன்றையே பார்க்கும் வழக்கம் உண்டானது. 1984-இல் ஹம் லோக், 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஞாயிறு காலைகளில் ராமாயணம், அதையடுத்து மகாபாரதம். 1965-இன் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பார்த்த தலைமுறை உயிரோடு இருந்த மாநிலத்தில் இந்தித் தொடர் எப்படி எடுபட்டது என்பது யோசிக்கத் தக்கது. இதிகாசக் கதை எல்லாருக்கும் முன்பே தெரியும் என்பதால் மொழி குறுக்கே நிற்கவில்லை. என் பாட்டி வசனம் ஒன்றுகூடப் புரியாமல் முழுத் தொடரையும் பார்த்துவிட்டு, கைகேயி செய்தது அநியாயம் என்று வழக்கம்போலத் திட்டினார். சமூகத் தொடர்களும் இந்திச் செய்தியும் வந்தபோது அதே பாட்டி பெட்டியின் மரக் கதவை இழுத்து மூடினார். எங்கள் பக்கம் தூர்தர்ஷனை ஏற்றுக்கொண்ட முறையே அதுதான்: வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்துக்குக் கதவு சாத்தினோம். ஞாயிறு மதியம் மாநில மொழிகளில் விருது பெற்ற படங்கள் வரிசையாக வரும்; தமிழின் முறைக்கு வாரக்கணக்கில் காத்திருந்ததில் சத்யஜித் ராயையும் அடூர் கோபாலகிருஷ்ணனையும் எங்களில் சிலர் தற்செயலாகப் பார்த்துவிட்டார்கள். தூர்தர்ஷன் தந்த கல்வியில் பெரும்பகுதி இப்படி வேறொன்றுக்காகக் காத்திருந்தபோது கிடைத்ததுதான்.

1990களின் நடுவில் ஜுனூன் தொடரைத் தமிழில் குரல் மாற்றித் தந்தது ஒரு வேடிக்கையான மைல்கல். இந்தி நடிகரின் உதட்டசைவுக்குத் தமிழைப் பொருத்த வேண்டியிருந்ததால், "போறேன் நான், அவனைப் பார்க்கிறதுக்கு" என்கிற மாதிரி வினை முன்னால் ஓடியது, எழுவாய் பின்னால் நொண்டி வந்தது. ஜுனூன் தமிழ் என்ற பெயரே வழக்கில் நிலைத்து, கல்லூரி விடுதிகளில் கேலியாகப் பேசப்பட்டு, இன்றைக்கும் மோசமான மொழிபெயர்ப்பைக் குறிக்க அந்தச் சொல் பயன்படுகிறது. ஒரு தொலைக்காட்சி நிறுவனம் மக்கள் மொழிக்குத் தந்த கொடைகளில் இது எதிர்பாராத ஒன்று.

ஆட்சியில் இருப்பவரின் குரலாகவே தூர்தர்ஷன் இருந்தது என்ற குற்றச்சாட்டுக்கு நெருக்கடிநிலைக் காலம் ஒன்றே போதுமான சான்று. தன்னாட்சி வேண்டும் என்று அரசே அமைத்த வர்கீஸ் குழு 1978-இலேயே சொல்லிவிட்டது. பிரசார் பாரதிச் சட்டம் 1990-இல் நிறைவேறி, ஏழாண்டு தூங்கி, 1997-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியபோது, வெள்ளிக்கிழமை அரைமணி நேரமாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்த திரைப்பாட்டு நாள்தோறும் கிடைக்கலானது. 1993-இன் ஹீரோ கோப்பைக் கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமையில் தூர்தர்ஷனோடு மோதிய வங்காளக் கிரிக்கெட் சங்கத்தின் வழக்கில், காற்றலை பொதுச்சொத்து, அதற்கு அரசு தனியுரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. பசியைக் கிளப்பியது தூர்தர்ஷன். இலை போட்டது தனியார்.

இனி இன்றைய சேவைக்கு வருகிறேன். பொதிகை என்று நாம் அறிந்த சேனல் 2024 ஜனவரி 19 அன்று டிடி தமிழ் என்ற பெயரோடு புதுப்பிக்கப்பட்டது. படத் தெளிவு கூடியிருக்கிறது. அரங்குகள் பளிச்சென்று இருக்கின்றன. பொதிகை என்ற பெயரை விட்டது எனக்கு உவப்பாக இல்லை. மலையும் ஆறும் தமிழும் அந்த ஒரு சொல்லில் இருந்தன. டிடி தமிழ் என்பது அலுவலகக் கோப்பின் மேல் எழுதிய பெயர் போல இருக்கிறது. நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை, போட்டிச் சேனல்களைப் பார்த்துச் செய்தவை எல்லாம் அவற்றைவிட ஒரு மாற்றுக் குறைவாகவே இருக்கின்றன. எவரும் செய்யாததைச் செய்யும்போதுதான் இந்தச் சேனல் எழுந்து நிற்கிறது. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமி அன்று அவருடைய பஞ்சரத்தின கீர்த்தனைகளை நேரலையில், இடையே விளம்பரமின்றி, முழுதாகக் காட்டுகிறார்கள். காவிரிக் கரைப் பந்தலில் எதிரெதிராக அமர்ந்த வித்துவான்களில் யார் சரணத்தை மறந்து பக்கத்தவரின் வாயைப் பார்க்கிறார் என்பதுவரை தெரிகிறது. திருவண்ணாமலை மகாதீபம், மதுரைத் திருக்கல்யாணம் ஆகியவற்றையும் சொல்லலாம். பார்வையாளரை விரட்டாத இந்த நிதானத்துக்காக மட்டுமே எங்கள் வீட்டில் மார்கழி, தை மாதங்களில் இந்தச் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. செய்தியறிக்கையில் கூச்சலும் நான்கு கட்ட விவாதமும் இல்லை; ஒன்றிய அரசின் அறிவிப்புகளுக்கு முதலிடம் என்பது மட்டும் மாறவே இல்லை. மாற்றுத் தரப்பை அறிய வேறு சேனலுக்குப் போயே ஆக வேண்டும்.

மொழி தொடர்பான உரசலும் தீர்ந்தபாடில்லை. நாள்தோறும் 15 நிமிடம் சமஸ்கிருதச் செய்தி ஒளிபரப்ப வேண்டும் என்று 2020 இறுதியில் மாநில நிலையங்களுக்கு உத்தரவு வந்தபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. 2024 அக்டோபர் 18 அன்று இந்தி மாத நிறைவு விழா சென்னை நிலையத்தில் நடந்தபோது தமிழ்த்தாய் வாழ்த்தில் திராவிடம் என்ற சொல் வரும் அடி விடுபட்டு, நிலையம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. என் பாட்டி மரக் கதவை இழுத்து மூடியதற்கான காரணம் நாற்பது ஆண்டுக்குப் பிறகும் சேப்பாக்கத்தில் புரியவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஃப்ரீ டிஷ்ஷின் பெரிய குறையும் மொழி சார்ந்ததே. இதில் தனியார் சேனல்களுக்கான இடங்கள் மின்னேலத்தில் விடப்படுகின்றன. பணம் கொடுத்து இடம் பிடிப்பவர்கள், இந்தச் சேவை வேரூன்றிய வடமாநிலங்களை நோக்கும் இந்தி, போஜ்புரி நிறுவனத்தார். கேபிள் பரவிய தமிழ்நாட்டில் சந்தாவால் வருவாய் பார்க்கும் முன்னணித் தமிழ்ச் சேனல்களுக்கு இலவசத் தட்டில் ஏறக் காரணம் இல்லை. ஆகவே நாடு முழுவதும் 4 கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் இருக்கும் ஒரு சேவை, ரிமோட்டை அழுத்திக்கொண்டே போகும் தமிழருக்கு நீண்டதோர் இந்திக் கடைத்தெருவாகத் தெரிகிறது. என் தந்தைக்கு இதில் பயன்பட்டவை டிடி தமிழ், பள்ளிப் பாடங்களுக்கான கல்விச் சேனல்கள், நாடாளுமன்ற ஒளிபரப்பு, பிறகு கிரிக்கெட்.

கிரிக்கெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில் ஏமாறுகிறார்கள். தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் நிறுவனம் பிரசார் பாரதியுடன் பகிர வேண்டும் என்பது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் அந்தப் பகிர்வு தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டுமே செல்லும், கேபிளுக்கும், இதேபோல் தட்டு வழியே வரும் பிற டிடிஎச் சேவைகளுக்கும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தெளிவாக்கிவிட்டது. தரைவழி அனலாக் கோபுரங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்ட இன்றைய நிலையில், அத்தகைய ஆட்டம் டிடியில் இலவசமாக வரும்போது அதைப் பார்க்க மாடியில் இந்தத் தட்டு இருக்க வேண்டும். கேபிளில் அதே எண்ணைப் போட்டுவிட்டு ஆட்டம் எங்கே என்று தேடுவோருக்கு இதுவே விடை.

2024 நவம்பரில் கோவாத் திரைப்பட விழாவில் தொடங்கப்பட்ட பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலியைத் தட்டு வைக்க வழியில்லாத அடுக்ககவாசிகளுக்குச் சொல்வேன். டிடி தமிழ் நேரலையாகவே அதில் கிடைக்கிறது. பழைய தொடர்களும் கச்சேரிப் பதிவுகளும் அதிலும் பிரசார் பாரதி ஆவணக் காப்பகத்தின் யூடியூப் பக்கத்திலும் சிறிது சிறிதாக ஏறுகின்றன. என்னைக் கேட்டால், சென்னை நிலையத்தின் ஐம்பதாண்டுப் பதிவுகளில் எஞ்சியிருப்பவை அனைத்தையும், மறைந்துபோன இசைவாணர்களின் அரைமணி நேரக் கச்சேரிகளையும் செவ்வாய்க்கிழமை நாடகங்களையும், தேதியும் கலைஞர் பெயரும் குறித்து வரிசையாக ஏற்றிவைப்பது, புதிய அரங்கு கட்டுவதைவிட அவசரமான வேலை.

ஊரிலிருந்து போன வாரம் திரும்பும்போது கவனித்தேன். தந்தை கேபிளைத் துண்டிக்கவில்லை. மாதா மாதம் பணம் வாங்க ஆள் வந்துகொண்டுதான் இருக்கிறார். கூடத்து மேசையில் இரண்டு ரிமோட்டுகள் இருந்தன. கேபிள் ரிமோட்டின் எண்கள் அழிந்து, மூடி கழன்று, ரப்பர் பேண்டு போட்டிருந்தது. ஃப்ரீ டிஷ் ரிமோட் வாங்கியபோது இருந்த பிளாஸ்டிக் உறையிலேயே பத்திரமாக இருந்தது. அதன் மேல் அவர் ஒரு துண்டுத்தாள் ஒட்டி, திருவையாறு ஆராதனைத் தேதியைக் குறித்து வைத்திருந்தார்.